மாமா மூக்குக்கு மார்க்கெட் உண்டு

சென்னையில் பத்திரிகைக்கும் பதிப்பகத்துக்கும் படம் போட்டே வயதாகிவிட்ட ஓவியர் ஒருவர் இருக்கிறார். கட்டுரையில் தன் பெயர் வரக் கூடாது என்பது அவருடைய ஒரே நிபந்தனை. தன்னடக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். இதில் வரப்போகும் வாடிக்கையாளர்களில் பலர் இன்னும் பாக்கி வைத்திருக்கிறார்கள். பெயரைப் பார்த்து ரோஷப்பட்டுவிட்டால் வர வேண்டியது வராமல் போய்விடும்.

அவருடைய ஸ்கெட்ச் நோட்டு ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசல். முன்னட்டையைத் திறந்தால் ஆர்டர் வேலைகள்: சிறுகதைக்கான ரஃப், அட்டைப்பட லே-அவுட், கல்யாணப் பத்திரிகைக் கார்ட்டூன், மசாலா பாக்கெட் லேபிள். நோட்டைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பின்னட்டை வழியாக நுழைந்தால், யாரும் கேட்காமல் அவராக வரைந்த பழைய படங்கள்: டீக்கடை பெஞ்சு, கோயில் தூண், தூங்குகிற மைத்துனர், மழைக்கு ஒதுங்கிய காய்கறி வண்டி. அவர் மனைவி முன்பாதியை ‘வரவு’ என்றும் பின்பாதியை ‘செலவு’ என்றும் சொல்வார். இரண்டுக்கும் பேப்பர் ஒரே விலைதான் என்பது அந்த அம்மாளின் வாதம்.

வரவும் செலவும் இரு பக்கமிருந்தும் வளர்ந்து வந்து நடுவில் எங்கேயோ முட்டிக்கொள்ளும். ஒரு நோட்டின் நடுப்பக்கத்தில் ஊறுகாய் ஜாடியின் மூடி மீது கபாலீஸ்வரர் கோயில் கோபுரம் தலைகீழாக நிற்கிறது. இந்த முட்டலில் எப்போதும் ஜெயிப்பது செலவுப் பக்கம்தான் என்பது நோட்டுகளை வரிசையாகப் புரட்டினால் தெரியும். வெட்டியாக வரைந்த படங்கள்தான் கடைசியில் ஆர்டருக்குள் நுழைந்து வீட்டு வாடகை கட்டியிருக்கின்றன. மனைவியிடம் இதை நிரூபிக்க ஓவியர் பல வருடங்களாக முயன்று வருகிறார். சாட்சியம் வலுவாக இருக்கிறது. நீதிபதிதான் மசியவில்லை.

வார இதழ் ஆர்டர்கள் பெரும்பாலும் தொலைபேசியில் வரும்.

“சார், கதை இன்னும் வரலை. ஆனா எழுத்தாளர் ஒரு லைன் சொல்லியிருக்கார். ஒரு பொண்ணு ஜன்னலோரமா நிக்கிறா.”

“என்ன வயசு?”

“அதை அவர் இன்னும் முடிவு பண்ணலையாம். நீங்க சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடுங்க.”

நோட்டுகளில் உள்ள ஜன்னலோரப் பெண்களுக்கு வீடு ஒதுக்குவதென்றால் ஒரு தெருவே கட்ட வேண்டும். ஒருமுறை கதை வந்து சேர்ந்தபோது, ஜன்னலில் நின்றவள் கதாநாயகனின் பாட்டி என்று தெரிந்தது. படம் ஏற்கெனவே அச்சுக்குப் போயிருந்தது. தாவணியும் பின்னலுமாகப் பதினெட்டு வயதில் நின்ற பாட்டியைக் காப்பாற்ற, உதவி ஆசிரியர் கதையிலேயே ஒரு பத்தி சேர்த்தார்: பாட்டி தன் இளமையை நினைத்துப் பார்க்கிறாள். பின்னாளில் அந்தக் கதை ஒரு தொகுப்பில் வந்தபோது, எழுத்தாளர் விழா மேடையில் அந்தப் பத்தியைத்தான் உருகி உருகி வாசித்தார். ஓவியர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கை தட்டினார்.

படத்துக்காக எழுத்து வளைந்து கொடுப்பது நம் ஊர் வழக்கம் மட்டுமில்லை. லூயிஸ் கரோலின் இரண்டாவது ஆலிஸ் புத்தகத்துக்குப் படம் போட்டவர் ஜான் டென்னியல். அதில் டோப்பா வைத்த ஒரு குளவி வரும் பகுதி இருந்தது. 1870இல் டென்னியல் கரோலுக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் குளவி தனக்குச் சுவாரசியமாகவே இல்லை, இதைப் படமாக்க வழியும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். கரோல் குளவியைத் தூக்கிவிட்டார். அந்தப் பகுதியின் அச்சுப் படிகள் நூறு வருடம் கழித்து, 1974இல், லண்டனில் ஏலத்துக்கு வந்தபோதுதான் உலகம் அதைப் பார்த்தது. நம் ஓவியர் இந்தக் கதையை உதவி ஆசிரியர்களிடம் அடிக்கடி சொல்வார். அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி சார், படம் எப்ப அனுப்புறீங்க?” என்பார்கள்.

பார்க்காத ஒன்றை வரையச் சொல்வது அடுத்த வகை. இதற்கு ஓவியர் தன் கட்சிக்குக் கூப்பிடுவது ஆல்பிரெக்ட் டியூரரை. 1515இல் குஜராத் சுல்தான் கொடுத்தனுப்பிய காண்டாமிருகம் ஒன்று லிஸ்பனில் போய் இறங்கியது. நியூரம்பர்க்கில் இருந்த டியூரர் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. யாரோ எழுதிய கடிதத்தையும் ஒரு சின்னப் படத்தையும் வைத்துக்கொண்டு மரச்செதுக்குக்கு வரைந்தார். தோலை இரும்புக் கவசமாக்கினார். முதுகில் உபரியாக ஒரு குட்டிக் கொம்பும் வைத்தார். ஐரோப்பா இருநூறு வருடங்களுக்கு மேல் காண்டாமிருகம் என்றால் அதுதான் என்று நம்பிக்கொண்டிருந்தது.

நம் ஓவியருக்கு வந்தது சிறுவர் இதழுக்கு ஒரு பனிப்பிரதேசக் கதை. பென்குயினும் பனிக்கரடியும் நண்பர்கள். பென்குயின் தெற்கே இருக்கும், பனிக்கரடி வடக்கே இருக்கும், இரண்டும் சந்திக்க வேண்டுமென்றால் பூமியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு யாராவது டிக்கெட் எடுக்க வேண்டும் என்று விளக்கினார். ஆசிரியர் யோசித்துவிட்டு, “குழந்தைங்களுக்கு ரெண்டும் பிடிக்கும் சார்” என்றார். படம் வந்தது. ஓர் ஆண்டு கழித்து அதே இதழின் பொது அறிவுப் பகுதியில், பனிக்கரடி பென்குயினைத் தின்பதில்லையே, ஏன் என்று கேள்வி கேட்டிருந்தார்கள்.

ஆனால் ஆர்டர்களின் உச்சம் ஊறுகாய்ப் பாட்டிதான். புதிதாக ஊறுகாய் வியாபாரம் தொடங்கியவர் ஒருவர் லேபிளுக்குப் படம் கேட்டு வந்தார். “வீட்டுச் சுவைன்னு தெரியணும் சார். அதனால ஒரு பாட்டி. ஆனா வயசானவங்களா இருக்கக் கூடாது.” ஓவியர் பேசாமல் நோட்டைக் கவிழ்த்துச் செலவுப் பக்கத்தில் தேடினார். திருவையாற்றில் அவருடைய அத்தைப் பாட்டி, திண்ணையில் கால் நீட்டிப் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தபோது வரைந்த பென்சில் படம் இருந்தது. பொக்கை வாய், எட்டுக்கல் மூக்குத்தி, பாம்படம் ஆடி நீண்டுபோன காது. வந்தவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. “இதேதான் சார், அப்படியே போடுங்க” என்று அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் திருத்தங்கள் ஆரம்பித்தன.

முதலில் பல் வேண்டும் என்றார். பல் இல்லாதவர் போட்ட ஊறுகாயை யார் வாங்குவார்கள்? நியாயம்தான். பிறகு சுருக்கம் குறைந்தது. வெள்ளை முடி கறுத்தது. நீண்ட காது அளவான காதாகி, அதில் ஜிமிக்கி ஏறியது. கால் நீட்டி உட்கார்வது மரியாதையாக இல்லை என்று பாட்டி எழுந்து நின்றார். ஒவ்வொரு ரஃப்பும் தேதியோடு நோட்டில் இருக்கிறது. வேகமாகப் புரட்டினால் ஒரு மூதாட்டி நம் கண்ணெதிரே இளமை திரும்பப் பெறுவதைப் பார்க்கலாம். கடைசி ரஃப்பைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்று கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்த பெண்மணியைப் பார்த்ததும் ஓவியருக்கு விஷயம் விளங்கிவிட்டது. கணவர் கொஞ்சம் கொஞ்சமாக மனைவியைத்தான் வரைய வைத்திருக்கிறார். அந்த அம்மாள் லேபிளை வாங்கிப் பார்த்து, “யாருங்க இது, நல்லா இல்லையே. ஒரு பாட்டி படம் போடலாமே” என்றார்.

இப்படிப் பழைய படங்களிலிருந்து பிழைப்புக்குப் போனவர்களில் அதிக நாள் உழைத்தவர் ஓவியரின் தாய்மாமா. ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு தீபாவளி மதியம், சாப்பிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தவரைப் பக்கவாட்டில் வரைந்து வைத்தார் ஓவியர். அந்த மூக்கு சாதாரண மூக்கு இல்லை. நெற்றியில் ஆரம்பித்து, நிதானமாக இறங்கி, நுனியில் வளைந்து மேலுதட்டைத் தொடும் மூக்கு. இப்படி ஒரு மூக்கு கைவசம் இருக்கிற ஓவியனுக்கு வில்லன் பஞ்சமே வராது.

முதலில் ஒரு கந்துவட்டிக்காரராக வேலைக்குச் சேர்ந்தார் மாமா. பிறகு ஜமீன்தார், கலப்பட வியாபாரி, மருமகளைக் கொடுமைப்படுத்தும் மாமனார். எல்லாம் அவருக்குத் தெரியாமல். ஒரு சரித்திரத் தொடரில் பாண்டிய அமைச்சராகப் பதவி உயர்வு கிடைத்தது. சரித்திரப் பாத்திரங்களுக்கு முகம் கொடுப்பது விளையாட்டு இல்லை. 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ கல்கியில் வந்தபோது மணியம் போட்ட படங்களை மனத்தில் வைத்துக்கொண்டுதான், 2022இல் திரைப்படம் வந்ததும் எத்தனையோ பேர் இது வந்தியத்தேவனா, இது குந்தவையா என்று சண்டைக்கு நின்றார்கள். ஓவியர் போடும் மூக்குதான் வாசகருக்கு நிஜ மூக்கு. நம் பாண்டிய அமைச்சர் விஷயத்திலும் அதுவே நடந்தது. பள்ளி ஆண்டு விழா ஒன்றில் அந்த அமைச்சராக நடித்த பையனுக்கு மைதா மாவைப் பிசைந்து நீளமாக மூக்கு ஒட்டியிருந்தார்கள். இடைவேளைக்குள் அது பாதி உதிர்ந்துவிட்டது.

குட்டு உடைந்தது ஒரு டாக்டர் வீட்டு வாசலில். கண் பரிசோதனைக்குப் போன மாமா, காத்திருந்தவர் கூட்டத்தில் தன்னை எல்லோரும் ஒரு மாதிரி பார்ப்பதைக் கவனித்தார். திரும்பினால், அவர் தலைக்கு நேர் மேலே சுவரில் ‘மூலம்: அறிகுறிகளும் சிகிச்சையும்’ என்ற சுவரொட்டி. அதில் வேதனையோடு உட்காரப் போகிறவர் அவரேதான்.

அன்று மாலையே தொலைபேசி வந்தது. “டேய், எனக்கு அந்த வியாதியே கிடையாதுடா!”

“மாமா, அது நீங்க இல்லை. மூக்கு மட்டும்தான் உங்களோடது.”

“இந்த மூக்கை வெச்சுத்தான்டா ஊர்ல எனக்கு அடையாளமே சொல்றாங்க.”

பெரியவர்களைச் சமாதானப்படுத்துவதற்கு ஓவியரிடம் இரண்டு கதைகள் எப்போதும் தயாராக இருக்கும். லியோனார்டோ மிலானில் ‘கடைசி விருந்து’ வரைந்துகொண்டிருந்தபோது, மடத்துத் தலைவர் வேலை நகரவில்லை என்று பிரபுவிடம் போய்ப் புகார் செய்துகொண்டே இருந்தாராம். ‘யூதாஸுக்குத்தான் சரியான முகம் கிடைக்கவில்லை, ரொம்ப அவசரம் என்றால் மடத்துத் தலைவர் முகத்தையே வைத்துவிடலாம்’ என்றாராம் லியோனார்டோ. இதை எழுதி வைத்தவர் வசாரி. மைக்கலாஞ்சலோ அதையும் தாண்டியவர். 1541இல் அவர் முடித்த ‘இறுதித் தீர்ப்பு’ ஓவியத்தில் இத்தனை நிர்வாணம் ஆகாது, இது குளியலறைக்கும் சாராயக் கடைக்கும்தான் லாயக்கு என்று போப்பின் சடங்கு அதிகாரி பியாஜோ குறை சொன்னார். நரகத்தில் நிற்கும் மினோஸுக்கு அந்த அதிகாரியின் முகத்தை வைத்து, கழுதைக் காதும் கொடுத்து, உடம்பில் பாம்பையும் சுற்றிவிட்டார் மைக்கலாஞ்சலோ. அதிகாரி போப்பிடம் முறையிட்டபோது, நரகத்தில் தனக்கு அதிகாரம் கிடையாதே என்று அவர் கைவிரித்துவிட்டார் என்று ஒரு கதை.

மாமா எல்லாவற்றையும் கேட்டார். “கழுதைக் காது வெக்கலைன்னு நான் உனக்கு நன்றி சொல்லணுமா?” என்றார். கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. இனிமேல் அந்த மூக்கு நல்லவர்களுக்கு மட்டும். அதன்பின் வந்த கதைகளில் ஓய்வு பெற்ற நீதிபதிகளும் ஏழைகளுக்கு இலவசமாக மருந்து கொடுக்கும் டாக்டர்களும் ஒரே மூக்கோடு நடமாடினார்கள். வில்லன்கள் சப்பை மூக்கர்களானார்கள். அதற்கு எதிர்ப்பு, சப்பை மூக்குள்ள மைத்துனர் வழியாக வந்தது.

வரைந்ததையெல்லாம் நோட்டில் பதிந்து வைப்பது எதற்கு என்று கேட்டால், அதற்கும் பெரிய இடத்து முன்னுதாரணம் காட்டுவார். ரோமில் வேலை பார்த்த பிரெஞ்சு ஓவியர் கிளோத் லொரேன் 1630களில் ஒரு நோட்டு தொடங்கினார். ஆர்டருக்கு வரைந்து கொடுத்த ஒவ்வொரு நிலக்காட்சியையும் கையோடு அதில் சின்னதாக வரைந்து, பின்புறம் யாருக்குக் கொடுத்தது என்று எழுதிவைத்தார். ‘மெய்ந்நூல்’ என்ற பொருளில் லத்தீனில் அதற்குப் பெயர். அவருக்குக் கிராக்கி ஏறியதும் போலிகள் புறப்பட்டுவிட்டன. இது தன் கை வேலைதானா என்று யாராவது கேட்டால் நோட்டைத் திறந்து காட்டிவிடுவார். நீலத் தாளும் வெள்ளைத் தாளும் மாறி மாறி வைத்துத் தைத்த அந்த நோட்டு, இருநூறுக்குச் சற்றுக் குறைவான படங்களோடு பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

நம் ஓவியரின் படத்தை யாரும் போலி செய்யவில்லை. அந்த வருத்தம் அவருக்கு உண்டு. ஆனால் படத்துக்குப் பின்புறம் அவரும் எழுதுகிறார்: யாருக்கு, எப்போது, எவ்வளவு, வந்ததா. நான்காவது கேள்விக்கு எதிரே பெரும்பாலும் ஒரு கோடுதான். சிலவற்றில் ‘அடுத்த வாரம்’ என்று எழுதி, அடித்து, மறுபடி ‘அடுத்த வாரம்’ என்று எழுதியிருக்கிறது. கட்சிப் பிரமுகர் ஒருவரின் பிறந்த நாள் போஸ்டருக்கு நேரே மட்டும் ‘வந்தது: சால்வை’ என்றிருக்கிறது. தலைவர் படம் ஆறடி, தன் படம் ஐந்தே முக்கால் அடி என்று ஸ்கேல் வைத்து அளந்து வாங்கிப் போனவர் அவர். பணத்தை மட்டும் அளக்க மறந்துவிட்டார்.

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா? இருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, படைத்தவரே முதல் உரிமையாளர் என்று அழகாகத்தான் தொடங்குகிறது. உடனே விதிவிலக்குகள். காசுக்காக ஒருவர் கேட்டு வரைந்த ஓவியமோ உருவப்படமோ, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவருக்கே சொந்தம். ஆக, நோட்டின் செலவுப் பக்கம்தான் சட்டப்படி முழுக்க முழுக்க அவருடைய ஆஸ்தி. மனைவியிடம் இதையும் சொல்லிப் பார்த்தார்.

57ஆவது பிரிவு கொஞ்சம் ஆறுதலானது. கைமாறிப்போன பிறகும், படைத்தவர் பெயர் கெடும்படி படைப்பைச் சிதைத்தால் அவர் கேட்கலாம். தில்லி விஞ்ஞான் பவனில் இருந்த தன் பிரம்மாண்டமான வெண்கலச் சிற்பத்தை 1979இல் அரசு பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டதை எதிர்த்துச் சிற்பி அமர்நாத் சேகல் வழக்காடினார். 2005இல் தில்லி உயர் நீதிமன்றம், சிற்பத்தின் மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்து 5 லட்சம் ரூபாய் நஷ்ட ஈடும் தரச் சொன்னது. இதைப் படித்த வேகத்தில், பொக்கை வாய்ப் பாட்டிக்குப் பல் வைத்து நிற்க வைத்ததற்காக ஊறுகாய்க்காரர் மீது வழக்குப் போட முடியுமா என்று வக்கீல் நண்பரிடம் ஓடினார் ஓவியர். நண்பர் எல்லா ரஃப்பையும் புரட்டிப் பார்த்துவிட்டு, “பல் வெச்சது நீதானேய்யா?” என்றார்.

பழைய நோட்டுகளில் தொழில்நுட்பமும் உறைந்து கிடக்கிறது. எழுபதுகளின் கடைசியில் அவர் படம் போட ஆரம்பித்தபோது பல அச்சகங்களில் பிளாக்தான். அச்சில் வரப்போகும் அளவைவிட ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு பெரிதாக வரைவார்கள். பிளாக் எடுக்கும்போது சுருக்கினால் கை நடுக்கமும் சேர்ந்து சுருங்கிவிடும். முதல் கோடுகளை வெளிர்நீலப் பென்சிலில் போட்டு, மேலே இந்தியன் இங்க்கில் முடிப்பார்கள். பிளாக் காமிராவின் ஃபிலிமுக்கு அந்த நீலம் கண் தெரியாது. அழிக்கும் வேலை மிச்சம்.

காமிராவுக்குத் தெரியாது என்பதை ஓவியர் வேறு வழியிலும் பயன்படுத்திக்கொண்டார். கதையைப் பற்றித் தன் அபிப்பிராயத்தைப் படத்தின் ஓரத்திலேயே நீலப் பென்சிலில் எழுதிவிடுவார். ‘தாங்கலை’, ‘இதுக்கு இது போதும்’, ‘முடிவை முதல் பாராவிலேயே கண்டுபிடித்துவிட்டேன்’. வருடக் கணக்கில் நடந்த இந்த ரகசிய விமர்சனம், கலர் ஸ்கேனர் வந்த வாரத்தில் முடிவுக்கு வந்தது. ஸ்கேனருக்கு எல்லா நிறமும் தெரியும். ஒரு காதல் கதையின் படத்தடியில் ‘இதுக்கு இது போதும்’ என்று அழகான வான நீலத்தில் அச்சாகி வெளிவந்தது. கதையின் தலைப்பு கவித்துவமாக இருந்ததாக வாசகர் கடிதம் ஒன்று வந்தது.

மையிலும் பாடம் இருக்கிறது. இந்தியன் இங்க்கின் கறுப்பு கரித்தூள். வெளுக்காது. ஸ்கெட்ச் பேனாவில் இருப்பது சாயம். வெளிச்சம் படப் பட மங்கிக் கடைசியில் காணாமல் போகும். கையில் காசில்லாத காலத்தில் ஓவியர் ஊதா ஸ்கெட்ச் பேனாவில் நிறைய வரைந்திருக்கிறார். மாமாவையே முழு முகமாக ஒருமுறை பெரிதாக வரைந்து, மூக்குக் கண்ணாடிக்கு மட்டும் எடுப்பாக இருக்கட்டும் என்று நிப்பைத் தொட்டு இந்தியன் இங்க்கில் ஃபிரேம் போட்டு, ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டி வைத்தார். பல வருடம் கழித்து வீடு மாற்றும்போது எடுத்துப் பார்த்தால் மாமாவைக் காணோம். அந்த மகத்தான மூக்கும் போய்விட்டது. பழுப்பேறிய தாளின் நடுவில் தடித்த கறுப்புக் கண்ணாடி மட்டும் உட்கார்ந்திருந்தது. தூக்கிப் போட மனமில்லாமல் நோட்டின் செலவுப் பக்கத்தில் செருகி வைத்தார்.

செலவுப் பக்கத்துப் படங்களில் பல வெளியில் போய் வரைந்தவை. இதில் அவருக்கு ஆதர்சம் சில்பி. பி.எம்.சீனிவாசன் என்ற சில்பி, கோயில் கோயிலாகப் போய்ச் சிற்பங்களுக்கு முன்னால் உட்கார்ந்து வரைந்த ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ ஆனந்த விகடனில் வந்தவை. கல்லில் இருக்கும் நகையின் ஒவ்வொரு மணியும் அவர் கோட்டில் இருக்கும். நம் ஓவியரும் தாராசுரத்தில் போய் உட்கார்ந்து பார்த்தார். சில்பி எப்படி அத்தனை பொறுமையாக வரைந்தார் என்பது இருக்கட்டும், பின்னால் நிற்கிறவர்களிடம் என்ன பதில் சொன்னார் என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை.

நம் ஊரில் ஒருவர் பொது இடத்தில் வரைந்தால் அது பொதுப்பணி. பின்னால் நின்று பார்ப்பவர் முதலில் மௌனமாக இருப்பார். பிறகு குனிவார். “தம்பி, அந்தக் குதிரைக்குக் காது விட்டுப்போச்சு.” இன்னொருவர், “அவர் இன்னும் முடிக்கலைங்க, கடைசியில வைப்பாரு” என்று வக்காலத்து வாங்குவார். அவர்களுக்குள் விவாதம் தொடரும். மூன்றாமவர் இதற்கு எவ்வளவு கிடைக்கும் என்று கேட்பார். ஒன்றும் கிடைக்காது என்றதும் எல்லோரும் ஒருமித்து இரக்கப்படுவார்கள். ஒரு பாட்டி பேத்தியை முன்னால் தள்ளி, “இதையும் ஒண்ணு போட்டுக் குடுங்க, புண்ணியமாப் போகும்” என்பார். ஒருமுறை மேம்பாலம் ஒன்றை வரைந்துகொண்டிருந்தபோது போலீஸ்காரர் வந்து எதற்கு வரைகிறீர்கள் என்று விசாரித்தார். சும்மாதான் என்று ஓவியர் சொன்ன பதில் அவருக்குச் சந்தேகத்தை அதிகமாக்கியது. நோட்டை வாங்கிப் புரட்டினார். முன்பாதியில் பாண்டிய அமைச்சரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, “இவரை எங்கேயோ பார்த்திருக்கேனே” என்றார். மூலம் சுவரொட்டியில் என்று ஓவியர் சொல்லவில்லை. உடன்பாடு இருக்கிறதே.

இப்போதைய வாடிக்கையாளர்கள் கையில் படத்தோடு வருகிறார்கள். செயற்கை நுண்ணறிவில் தட்டி எடுத்த ஜன்னலோரப் பெண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பி, “இதே மாதிரி சார், ஆனா விரல் மட்டும் அஞ்சஞ்சா இருக்கட்டும்” என்கிறார்கள். ஓவியர் கோபப்படுவதில்லை. விரலுக்கு இவ்வளவு என்று தனி ரேட் வைத்திருக்கிறார்.

அண்மையில் ஒரு பதிப்பாளர், நவீனக் கவிதைத் தொகுப்பு ஒன்றுக்கு அட்டை வேண்டும் என்று வீட்டுக்கு வந்தார். ஓவியர் காபி கொண்டுவரப் போன நேரத்தில் மேஜை மீதிருந்த நோட்டைக் கையில் எடுத்தவர் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு புரட்டியிருக்கிறார். ஓவியர் திரும்பி வந்தபோது அவர் அந்தக் கண்ணாடித் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு பேச்சற்று உட்கார்ந்திருந்தார்.

“இதுதான் சார் அட்டை. இன்மையை இதைவிட எப்படிச் சொல்றது? இந்த மினிமலிசத்துக்கு எத்தனை நாள் யோசிச்சீங்க?”

ஓவியர் காபியை நீட்டினார். முழுத் தொகையும் அங்கேயே, அட்வான்ஸ், கரெக்‌ஷன் என்ற பேச்சே இல்லாமல், கைக்கு வந்தது. மனைவி அதை இரண்டு முறை எண்ணிப் பார்த்தார். செலவுப் பக்கத்திலிருந்து வந்த பணம் என்று ஓவியர் அழுத்திச் சொன்னார். பதில் வரவில்லை, ஆனால் அன்று மாலை வெங்காய பஜ்ஜி வந்தது. மாமாவுக்கும் போன் போட்டுச் செய்தி சொல்லியாயிற்று. கவிதைப் புத்தக அட்டை என்றதும், கந்துவட்டிக்காரராக இருந்த காலத்தையெல்லாம் அவர் மன்னித்துவிட்டார். சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கப் பத்துப் பிரதி வேண்டும் என்றும் சொன்னார்.

மறுநாள் காலை பதிப்பாளரிடமிருந்து போன்.

“சார், கவிஞர்கிட்ட காட்டினேன். அசந்துபோயிட்டார். ஒரே ஒரு சின்ன விஷயம். கண்ணாடி அந்தரத்துல நிக்குதேன்னு கேக்கறார். அடியில ஒரு மூக்கு மட்டும் வெச்சுடலாமா?”

“எந்த மாதிரி மூக்கு?”

“நீங்களே பார்த்து ஒண்ணு போடுங்க சார். கொஞ்சம் நீளமா இருந்தா நல்லா இருக்கும்.”